கைலாசத்தைக் கழுவி எழுதிய தெரு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவுடன் முதல் பக்கத்தில் அண்ணனின் போட்டோவைத் தேடியிருப்பீர்கள். இல்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர் பார்க்கப் படம் எழுதிய மனிதர், தன்னை ஒருவர் படம் பிடிக்க ஒருநாளும் உட்கார்ந்து கொடுக்கவில்லை. “என் மூஞ்சியில பாக்குறதுக்கு இன்னா கீது?” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதனால் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய தங்கையின் கட்டுரை இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் நம்மைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினரும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு படிக்க ஆசைப்படுவீர்கள். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை, எழுதுகிறேன். ஆனால் ஒரு பொல்லாத வார்த்தையும் நம் உறவுக்குள் உலாவிக்கொண்டிருக்கிறது. “கைலாசத்தைக் கழுவினவன், அதான் அல்பாயுசுல போயிட்டான்” என்பது அந்த வார்த்தை. சொன்னவர்களில் சிலர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நடந்தது இன்னதென்று எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகும் சொல்வதென்றால் உங்கள் பாடு.

ஆவடிக்கும் வெள்ளானூருக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது எங்கள் இலுப்பம்பேடு. அங்கே பயிர் செய்து பிழைத்த குடும்பத்தில் அண்ணன் மூத்த பிள்ளை, நான் கடைக்குட்டி. காலராவில் அப்பா போனபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. ஏர் பிடித்தார், ஏற்றம் இறைத்தார், என்னைப் பூந்தமல்லியில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்டது. “எனக்கு எழுத்து வரல, அதுவாச்சும் எழுதட்டுமே” என்றார். இன்று நான் அதே பூந்தமல்லியில் வாத்தியாரம்மாவாக இருக்கிறேன் என்றால் அந்த ஒரு பதில்தான் காரணம்.

திருவேற்காட்டுத் திருவிழாவுக்கு ஒருமுறை நாடகக் கம்பெனி வந்தது. எல்லாரும் ராஜபார்ட்டைப் பார்த்தார்கள், பாட்டைக் கேட்டார்கள். அண்ணன் ராஜபார்ட்டுக்குப் பின்னால் தொங்கிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போய், அந்தக் கம்பெனியில் சீன் எழுதுகிற வேலையில் சேர்ந்தார். கூத்தாடியாகப் போய்விட்டான், குடும்பமே தலைகுனிய வேண்டியதாயிற்று என்று பேசினார்கள். பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் நாடகம் பார்க்க வந்த பூந்தமல்லிப் பெரியவர் ஒருவர், நாடகம் முடிந்தும் எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்து, “இத எழுதினவன் யாரு? கல்யாணம் ஆயிடுச்சா?” என்று விசாரித்தாராம். அப்படி வந்த அவர் மகள்தான் எங்கள் அண்ணி.

நாடகக் கம்பெனிக்கு அரண்மனை, காடு, கைலாசம் என்று மூன்று திரை இருந்தால் எந்தக் கதையையும் நடத்திவிடலாம். மூன்றையும் அண்ணன்தான் எழுதினார். அதில் கைலாசத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். திரையில் சாமி உருவம் வந்தால், மற்றதையெல்லாம் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் கடைசியில், நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து எழுதுவது வழக்கம். கண் எழுதிவிட்டால் பிறகு அது துணி கிடையாது, சாமி. கால் படக்கூடாது. மேடையில் ஏற்றுமுன் கற்பூரம் காட்ட வேண்டும். அண்ணன் அந்தக் கண்ணை எழுதியபோது அண்ணி பக்கத்தில் கைகூப்பி நின்றார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிரதோஷம் தவறாமல் திருமுல்லைவாயிலுக்கு நடந்தே போய்வருகிறவர் அண்ணி. அன்றிலிருந்து அந்தத் திரையிடமும் பிள்ளைவரம் கேட்டுக்கொண்டிருந்தார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

யுத்தம் வந்தது. பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டியது. நாடகம் பார்க்க ஆளில்லாமல் கம்பெனி கலைந்தது. முதலாளி, “நீ பெத்த புள்ளைங்க, நீயே வெச்சுக்கோ” என்று மூன்று திரைகளையும் சுருட்டி அண்ணனின் மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டாராம். யானைகவுனியிலிருந்து ஆவடி வரும் வழியில் பட்டணம் முழுக்கப் பூட்டிய வீடுகள். வளைவு வைத்த மாடி, மரத்தூண் வைத்த தாழ்வாரம், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல் எல்லாவற்றையும் அண்ணன் அன்றுதான் நின்று பார்த்தாராம். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அண்ணியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது.

“இத்தினி வருஷமா அந்தத் தெருவுலதான் நடந்துகினு இருந்தேன். நாளைக்கு ஒரு குண்டு போட்டா ஒண்ணும் மிஞ்சாது. அதுல ஒரு வாசக்காலக்கூட நான் எழுதல. இல்லாத அரமனைய எழுதிகினு இருந்துட்டேன்.”

அவர் பயந்த குண்டு பட்டணத்தை அழிக்கவில்லை. அழியப்போனது எங்கள் ஊர். அறுவடை முடிந்த கையோடு தண்டோரா போட்டார்கள். பட்டாளத்துக்கு இடம் வேண்டுமாம், ஏரிக்கரையிலிருந்து ரயில்பாதை வரைக்கும் எல்லாரும் மாசி முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். பட்டணத்திலிருந்து பயந்தோடி வந்து எங்கள் வீடுகளில் குடியிருந்தவர்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதா, எங்களைப் பார்த்து அழுவதா என்று தெரியவில்லை.

வீடு போகிறது என்றதும் நாங்கள் தூணைக் கட்டிக்கொண்டு அழுதோம் என்று நினைக்காதீர்கள். விவசாயிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? மறுநாளே ஏணி சாத்தி ஓட்டை இறக்க ஆரம்பித்துவிட்டோம். கதவு, நிலை, உத்தரம், கைமரம் என்று போகிற இடத்தில் எதெது உதவுமோ அதையெல்லாம் கழற்றி வண்டியில் ஏற்றினோம். அண்ணன் தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனார். “கொஞ்சம் பொறுங்க, நான் எழுதி முடிச்சிடறேன், அப்பறம் கயட்டிக்குங்க. பட்டாளத்துக்காரன் வர்றதுக்கு முன்னாடி நாமளே இடிச்சிடுவோம் போலகீதே!” என்று கெஞ்சினார்.

எங்கள் ஊருக்குப் பெரியதனம் பெரிய மாமாதான். அம்மாவின் அண்ணன், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. “ஊடே போவுது, இவன் ஊட்டைப் படம் எழுதறானாம்” என்று முதலில் அவர்தான் கேலி செய்தார். ஆனால் அவர் வீட்டு வாசக்காலில் யாளி செதுக்கியிருக்கும். அதை எழுதப் போகிறேன் என்று அண்ணன் சொன்னதும் மாமாவின் குரல் இறங்கிவிட்டது. “எழுதறதுன்னா எங்க ஊட்லருந்து ஆரம்பி” என்றார். மாமாவே ஒத்துக்கொண்டபின் தெரு முழுக்க ஏணி இறங்கியது. கூடவே ஆளுக்கொரு ஆசையும் கிளம்பியது. கட்ட நினைத்துக் கட்டாமல் போன மாடியையும் சேர்த்து எழுதச் சொன்னார் ஒரு பங்காளி. “இல்லாத மாடிய எழுதறதுன்னா நான் நாடகத்துலயே இருந்திருப்பேனே” என்றார் அண்ணன்.

யுத்த காலத்தில் துணி ஏது? அரண்மனைத் திரையையும் காட்டுத் திரையையும் ஏரிக்குக் கொண்டுபோனார். பசையில் குழைத்த சாயம் ஊறினால் இளகிவிடும். தங்கத் தூணும் சிங்காசனமும் தண்ணீரில் மஞ்சளாகக் கரைந்து போனதைக் கரையில் நின்று பார்த்தேன். கைலாசத்தை அவர் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

அவர் எழுதியதைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வேன்? நெல் அடிக்கும் களத்தில் துணியை விரித்து நாலு பக்கமும் கல் வைத்தார். நீள மூங்கில் கழியின் நுனியில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு துணிமேலேயே நடந்து எழுதினார். குனிவதில்லை, கோடு போட்டுப் பார்ப்பதில்லை. தெருவைப் போய்ப் பார்ப்பார், வருவார், கழியை இழுப்பார். அவர் நடந்த இடமெல்லாம் வீடு எழுந்தது. மாட்டுக்கொட்டகை, மாடு கட்டி இறைக்கும் கவலைக் கிணறு, செல்லியம்மன் கோயில், கோயில் மதிலில் மழை வழிந்த கறை வரைக்கும் எழுந்தது. என் சொந்த அண்ணன், காலையில் என்னோடு கூழ் குடித்தவர், அதைச் செய்தார் என்பதை என் கண் நம்ப மறுத்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து வாயைத் திறந்தபடி நின்றேன்.

மாமா அப்படி நிற்கவில்லை, குறை சொன்னார். ஈரமாக இருக்கும்போது சாயம் அடர்ந்து தெரியும், காய்ந்தால் வெளுத்துவிடும். காய்ந்தபின் என்ன நிறம் வரும் என்று மனசில் வைத்துத்தான் ஈரத்தில் எழுத வேண்டும். அதை அண்ணன் சொல்லியும் மாமா கேட்கவில்லை. “என் சொவுரு இம்மாங் கருப்பா?” என்று, அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் தன் கையாலேயே சுண்ணாம்பைக் கரைத்துத் தன் வீட்டுச் சுவர்மேல் பூசிவிட்டார். மறுநாள் காய்ந்ததும் மொத்தத் தெருவிலும் அந்த ஒரு சுவர் மட்டும் வெளுத்த வேட்டி மாதிரி பளீரென்று நின்றது. அண்ணன் அதைத் திருத்தவில்லை. “மாமா ஊட்டுக்கு மாமா கையும் பட்டிருக்கட்டும்” என்று விட்டுவிட்டார். இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

கோயிலை எழுதப் போனபோது மாமா மறித்தார். சீன் எழுதுகிறவர்கள் சாயத்தைக் குழைப்பது வஜ்ஜிரத்தில், அது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. “செல்லியம்மா கோயில அதுலயா எழுதுவே?” என்றார். கைலாசமே அதில்தான் எழுதியது என்று அண்ணன் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார். வேறு வழி புளியங்கொட்டைப் பசைதான். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, இடித்து, காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்க்க வேண்டும். கை நோகும் வேலை. எங்கள் தெருப் பெண்களுக்குச் சாமான் கட்டவே பொழுது போதவில்லை. ஓடைக்கு அப்பால் இருந்த சேரிப் பெண்கள்தான் அதைச் செய்து கொடுத்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் முனியம்மாள். நடவுக்கு ஆள் சேர்ப்பவர், அண்ணன் ஏர் பிடிக்கப் பழகிய காலத்திலிருந்து எங்கள் நிலத்தில் உழைத்தவர். ‘முனியம்மாள் அவர்கள்’ என்று எழுதினால் சிலருக்கு நெருடும். என் பேனாவுக்கு நெருடவில்லை.

அந்தப் பசையில்தான் கோயிலும் மிச்சத் தெருவும் எழுதி முடிந்தது. கடைசிப் பானையைக் கொண்டுவந்து வைத்த அன்று முனியம்மாள் களத்து ஓரத்தில் நின்று துணி முழுவதையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“ஓடை வரிக்கும் வந்துட்டே நைனா. ஓடைக்கு அந்தாண்ட?”

அண்ணன் கழியைக் கீழே வைத்தார். “துணி தீந்துபோச்சும்மா.”

“வண்டியில ஒண்ணு சுருட்டி கீதே?”

“அது கைலாசம்.”

“கைலாசத்த எவன் நைனா இடிக்கப்போறான்? எங்க ஊட்டத்தானே இடிக்கப்போறான்.”

கோபமாகச் சொல்லவில்லை. பசை பதமாக இருக்கிறதா என்று கேட்கும் குரலில்தான் சொன்னார். களத்தில் உட்கார்ந்திருந்த மாமா துள்ளி எழுந்தார். சாமியைக் கழுவிவிட்டுச் சேரியை எழுதுவதா, குலம் விளங்குமா, உனக்கு இருக்கிறதே ஒரு குறை, இன்னும் என்ன வேண்டும் என்று கத்தினார். அந்தக் ‘குறை’ என்ற சொல் காதில் விழும் தூரத்தில்தான் அண்ணி நின்றிருந்தார். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. களத்துப் பக்கம் போகவில்லை. மாசியும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணிதான் ஒரு காலையில் கேட்டார். “கழுவணும்னு நெனைக்கிறீங்களா?”

“அந்தப் பொம்பள கேட்டது நியாயம். ஆனா கை வரல. அது உன் சாமி.”

அன்று பிரதோஷம். அண்ணி வழக்கம்போல் திருமுல்லைவாயிலுக்கு நடந்து போனார். அங்கே என்ன வேண்டிக்கொண்டார் என்று இன்றுவரை என்னிடமும் சொன்னதில்லை. மறுநாள் விடிந்ததும், “வாங்க, ஏரிக்குப் போலாம்” என்றார்.

நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். கரைக் கல்மேல் அண்ணி கற்பூரம் ஏற்றினார். ஆழமில்லாத தண்ணீரில் திரையை விரித்தோம். பனிமலை கரைந்தது, நந்தி கரைந்தது, சடையிலிருந்து விழுந்த கங்கை ஏரியோடு போனது. அண்ணனின் கை முகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“எழுதின கை அழிக்கக்கூடாது. நீங்க விடுங்க, நான் கழுவறேன்.”

தான் பிள்ளைவரம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கண்களுக்கு மஞ்சளைக் குழைத்து வைத்தார். பிறகு முந்தானை நுனியை நனைத்து, மெதுவாக, தூங்கி எழுந்த குழந்தைக்கு முகம் கழுவிவிடுவதைப் போல் கழுவினார். முதலில் ஒரு கண் போனது, பிறகு மற்றது. அண்ணி அழவில்லை, அண்ணன்தான் அழுதார். நான் எத்தனையோ கோயிலில் எத்தனையோ ஆராதனை பார்த்திருக்கிறேன். அன்று ஏரியில் என் உடம்பு சிலிர்த்த மாதிரி ஒரு கோயிலிலும் சிலிர்த்ததில்லை.

சேரியில் போய் உட்கார்ந்து அண்ணன் எழுதினார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஓடையைத் தாண்டிப்போய் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குனிந்தால் மட்டுமே நுழைய முடிகிற வாசல், முழங்கால்போல வளைந்த மண்சுவர் மூலை, செம்மண்ணாலும் கரியாலும் பெண்கள் இழுத்த பட்டை, தோளுக்குக் கீழே இறங்கிய பனையோலைக் கூரை ஒவ்வொன்றும் துணியில் ஏறியது. ஒரு சுவரைப்போல் இன்னொரு சுவர் இல்லை என்று அவர் ஆச்சரியப்பட்டார். “இத்தினி நாளா எல்லாம் ஒரே குடிசைன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றார். எங்கள் சொந்த வீட்டை அண்ணியும் அவருடைய தம்பிகளும்தான் பிரித்து ஏற்றினார்கள். பட்டாளத்து லாரிகள் ஏரிக்கரையில் வந்து நின்றபோது சாயம் இன்னும் ஈரம். பந்தல் மாதிரி நாலு மூலையும் பிடித்து, ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போனோம்.

நாங்கள் பாரிவாக்கத்துப் பக்கம் குடியேறினோம். சேரிக்காரர்களுக்கு அதற்கும் அப்பால் ஒரு மேட்டில் இடம் கிடைத்தது. அடுத்த பொங்கலுக்கு மூங்கில் நட்டுத் திரையைக் கட்டினார் அண்ணன். மாமா சொன்னபடி முதல் இரண்டு திரைகள் மட்டும். அவை மேலேறி விரிந்தன. இல்லாத ஊர் முழுசாக எங்கள் முன்னால் நின்றது. எங்கள் வாசல் திறந்திருந்தது, உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சித்தப்பா சாமி கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கையைத் தூக்கினார். ஆனால் நம் ஆட்களை எனக்குத் தெரியுமே! கொஞ்ச நேரத்தில், எவன் வீட்டுச் சாக்கடை எவன் வாசலில் போனது என்று பழைய சண்டை படத்தை வைத்தே தொடங்கிவிட்டது. அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மூன்றாவது திரையை அவர் தனியாக மேட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கட்டினார். நானும் அண்ணியும் கூடப் போனோம். எவ்வளவு ஊறவைத்தும் கைலாசத்தின் நீலம் முழுக்கப் போகவில்லை. அதை அப்படியே வானமாக விட்டிருந்தார். அந்த வானத்துக்குக் கீழே அந்தக் கூரைகளைப் பார்த்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார், திரும்பி வரும்வரை விடவில்லை.

பிறகு அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. வாழ்நாளெல்லாம் முகர்ந்த சாயப்பொடிதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். உறவு வேறு காரணம் சொன்னது. மாமாவுக்கு அண்ணன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு பரிகாரம் பண்ணிடுடா, எல்லா ஏற்பாடும் நான் பாத்துக்கறேன். தெரியாம கழுவிட்டேன்னு சாமிகிட்ட சொல்லிடு, அது போதும்” என்று கண்கலங்கிக் கேட்டார்.

மூச்சு வாங்கியதால் அண்ணன் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். “தெரிஞ்சிதான் மாமா பண்ணது. பரிகாரம் பண்ணா, அந்தத் தெருவ எழுதனது தப்புன்னு ஆயிடும்.”

கண்ணைக் கழுவியது தான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பேச்சு முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அண்ணன் யார் என்று எவராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். புளியங்கொட்டை இடித்துக் கை காய்த்த பெண்களுக்கு முதல் நன்றி. அவர்கள் பசை இன்றுவரை உரியவில்லை. துணியைப் பிள்ளை என்று சொல்லிக் கொடுத்தனுப்பிய முதலாளிக்கும், வீடு பிரிக்க வந்த அண்ணியின் தம்பிகளுக்கும், கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பாரிவாக்கத்து அண்டைவீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெரிய மாமாவுக்கும் நன்றி. ஏன் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

கருமாதி அன்று மூன்று திரைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கட்டினோம். உறவுகள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேட்டிலிருந்து வந்தவர்கள் வழக்கம்போல் தூரத்தில், மரத்தடியில் நின்றார்கள். சாப்பாட்டுக்கு முன்பாக அந்தப் பழைய பேச்சு மறுபடி எழுந்தது, கைலாசம், பாவம், அல்பாயுசு என்று. தாலி இறக்கிய கழுத்தோடு, வெளியே வரக்கூடாத அன்று, அண்ணி வெளியே வந்தார்.

“சாமி கண்ணக் கழுவினது நான். அவரு இல்ல. பாவம்னா எனக்கு வந்திருக்கணும். இதோ நல்லாத்தான் கீறேன். இனிமே அவரப் பத்திப் பேசறவங்க என்னப் பத்திப் பேசுங்க.”

மாமா எழுந்தார். வெளியேறப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மூன்றாவது திரைக்கு முன்னால் போய் நின்றார். அதை அவர் பார்த்ததே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு துணியோடு முகம் ஒட்டும்படி நெருங்கிப் பார்த்தார். பிறகு மரத்தடிப் பக்கம் திரும்பி, ஒரு ஆயுள் முழுக்கக் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தும் கேட்காததைக் கேட்டார்.

“முனியம்மா, இதுல உன் ஊடு எது?”

மேடைக்கு எழுதும் திரை கிட்டே போனால் வெறும் சாயத் திட்டுதான். விலகிப்போகப் போகத்தான் வீடாகும். முனியம்மாள் நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

“கிட்ட போனா தெரியாது ஆண்டே. தள்ளி நில்லுங்க.”

எங்கள் ஊரில் ‘தள்ளி நில்’ என்ற அந்த வார்த்தையை எல்லாரும் முனியம்மாளிடம்தான் சொல்லியிருக்கிறோம். சொன்ன பிறகுதான் அவருக்கும் அது உறைத்தது போலும், வாயைப் பொத்திக்கொண்டார். மாமா ஒரு அடி பின்னால் வைத்தார். போதவில்லை. இன்னும் வைத்தார். திரையைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து நடந்து, மரத்தடிவரை போய், அங்கே நின்றவர்களுக்கு நடுவில் நின்றார்.

“இப்ப தெரியுது. எதுன்னு காட்டு.”

முனியம்மாள் கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கை மாமாவின் தோளை உரசிக்கொண்டு போனது. மாமா விலகவில்லை.